முழுநேர வேலைக்குப் பத்து மார்க்

சித்த அந்தப் பக்கம் நகந்து உக்காருங்கக்கா, உங்க மேல வெயில் அடிக்குது. பெட்டி கெடக்கட்டுங்க, நான் காலுக்கடியில வெச்சுக்கறேன். நான் ராசிபுரம். நீங்க? ஆண்டகளூர் கேட்டுங்களா? அப்பச் சரி, எனக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எறங்கறீங்க. கடைசி வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

அழுத மாதிரியா தெரியுது? இல்லீங்க, தூசி. சரி, உங்ககிட்ட எதுக்குப் பொய், அழுதேன்தான். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். கூடவே இருந்தவங்க, நாம தூக்கி விட்டவங்க, நூறு பேரு முன்னாடி நம்ம மானத்தை வாங்கினா அழுகை வராதுங்களா? நீங்களே சொல்லுங்க. இல்ல, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. யார்கிட்டச் சொன்னாலும் பாதியிலயே என்னைத்தான் திட்டறாங்க.

நான் பி.பி.ஏ. மூணாம் வருசங்க. பேரு மோகனப்பிரியா. இந்த செமஸ்டர்ல எங்களுக்குத் தொழில்முனைவுன்னு ஒரு பேப்பர். மத்த காலேஜ்ல இதுக்குப் புஸ்தகத்தைக் குடுத்து, மனப்பாடம் பண்ண வெச்சு, பரிச்சை நடத்தி முடிச்சுடுவாங்க. எங்க காலேஜ்ல அப்படி இல்ல. தொழிலைத் தொழில் செஞ்சுதான் படிக்கணும்பாரு குணசீலன் சார். நாலு பேரு சேந்து ஒரு டீம். நெசமான சாமான், நெசமான கஸ்டமர், நெசமான கம்பெனி. தொண்ணூறு நாள் நடத்தணும். தொண்ணூறாவது நாள் மூடிடணும். மூடி, கம்பெனியோட ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டு போய் டிபார்ட்மெண்டுல ஒப்படைச்சாத்தான் மார்க்கு.

ஆமாங்கக்கா, நல்லா ஓடினாலும் மூடணும். முன்னாடி ஒரு பேட்ச்சுல மூடாம நடத்தி, பிள்ளைகளுக்குள்ள சண்டை வந்து, பெத்தவங்க பிரின்சிபால் ரூமுக்கு வந்து கத்தி, பெரிய ரகளை ஆயிருச்சாம். அன்னையிலருந்து இந்த ரூல். டிபார்ட்மெண்டுல ஒரு கண்ணாடி பீரோ இருக்குதுங்க. இதுவரைக்கும் மூடின கம்பெனி ஸ்டாம்பு அத்தனையும் அதுல வரிசையா அடுக்கி, கீழ வருசம் எழுதி வெச்சிருக்காங்க. அறுபது எழுபது இருக்கும். வெளியில இருந்து யாரு வந்தாலும் மொதல்ல அதைத்தான் கூட்டிட்டுப் போயிக் காட்டுவாங்க.

உங்களுக்கு இதெல்லாம் வெளையாட்டு மாதிரி தோணும். எனக்கு வெளையாட்டு இல்லீங்க. எங்கப்பா போர் போடற ரிக்கு வண்டிக்கு ஆள் அனுப்பற புரோக்கரு. டிகிரி முடிச்ச கையோட கல்யாணம்னு ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. எங்க பேப்பர்ல மொத பரிசு வாங்கற டீமோட லீடருக்கு பெங்களூர்ல ஆறு மாசம் பயிற்சி, தங்க எடத்தோட. நான் அப்பாகிட்ட மல்லுக்கு நின்னு ஒரு வார்த்தை வாங்கினேன். அந்தப் பரிசு கெடைச்சா கல்யாணப் பேச்சை ஒரு வருசம் தள்ளி வெக்கறேன்னு சொன்னாரு. அவரு சொன்னாச் சொன்னதுதான். அதனால எனக்கு இது மார்க்கு மட்டும் இல்லீங்க. எனக்கு அது உசுரு.

மொதல்ல என்ன தொழில் பண்றதுன்னே தெரியலை. மெழுகுவத்தி, துணிப்பை, சணல் பொம்மைன்னு எல்லா டீமும் ஒரே மாதிரி. அப்பத்தான் ஒரு புதன்கெழமை மெஸ்சுல உக்காந்து சாப்புடறப்ப எனக்குப் பட்டுச்சு. எங்க லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்சுல ராஜாமணி அக்கான்னு ஒருத்தங்க. பதினோரு வருசமா அங்கதான் சமையலு. மெஸ்சு சோறு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா புதன்கெழமை அவங்க ஒரு கொள்ளுப் பொடி வெப்பாங்க பாருங்க. வெறும் சோத்துல போட்டு நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சா, கொழம்பே வேண்டாம். ஊருக்குப் போற புள்ளைக அதைக் காகிதத்துல மடிச்சுக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

நான்தாங்கக்கா கண்டுபிடிச்சேன். பதினோரு வருசமா அத்தனை பேரு சாப்பிட்டாங்க, ஒருத்திக்காவது தோணுச்சா?

என்னங்க இது, முறுக்கா? எனக்கா? ஐயோ, வேண்டாங்க. சரி, ஒண்ணே ஒண்ணு. ராகியா? அட, நல்லா இருக்குதே. நீங்களே சுட்டதுங்களா? தங்கச்சி ஊட்டுக்கா? ம்.

எங்க விட்டேன்? ஆங், பொடி. மத்தியானம் மெஸ்சு வேலை முடிஞ்சு ரெண்டு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் அவங்க சும்மாதான் இருப்பாங்க. அந்த நேரத்துல வறுத்து அரைச்சுக் குடுங்கன்னு கேட்டோம். சந்தோசமா ஒத்துக்கிட்டாங்க. நானு, கனிஷ்கா, இன்னும் ரெண்டு புள்ளைக. நாங்க பாக்கெட் போடறது, விக்கறது. பேரு என்ன வெக்கலாம்னு ஒரு வாரம் யோசிச்சோம். கடைசியில நான்தான் சொன்னேன், 'மணியக்கா கொள்ளுப் பொடி'ன்னு. மேல அவங்க மொகத்தையே படமாப் போட்டோம். நெத்தியில பொட்டு, மூக்குத்தி எல்லாம் அச்சு அசலா வந்துருச்சு. மொத பாக்கெட்டைக் கையில குடுத்தப்ப அவங்க பாக்கவே இல்லீங்க, வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. அப்புறம் பாத்தா, முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க. ஊட்டுல பொண்ணுகிட்டக் காட்டணுமாம். வீட்டுக்காரரு இல்ல, பத்தாவது படிக்கற பொண்ணு ஒண்ணுதான்.

ஓட்டம்னா ஓட்டம், அப்படி ஒரு ஓட்டம். ஹாஸ்டல்ல வித்தோம், ஸ்டாஃப் ரூமுல வித்தோம், காலேஜ் பஸ் டிரைவரண்ணனுங்க பத்துப் பத்து பாக்கெட் ஊருக்கு வாங்கிட்டுப் போனாங்க. குணசீலன் சாரே ரெண்டு வாங்கினாரு. அவரு வாங்கினது பெருசில்ல, 'மோகனப்பிரியா, இந்த வருசம் நீதான்'னு சொன்னாரு. அன்னைக்கு எனக்குக் கால் தரையில படலை.

அப்புறம்தான் நாப்பதாவது நாள் ரிவ்யூ வந்துச்சு. ஒவ்வொரு டீமுக்கும் மார்க் எப்படிப் போடுவாங்கன்னு ஒரு தாள் உண்டுங்க. லாபத்துக்கு இத்தனை, பேக்கிங்குக்கு இத்தனை, தயாரிப்பு முறையை எழுதினா அஞ்சுன்னு. அதுல ஒரு வரி, வேலைவாய்ப்பு உருவாக்கம். ஒருத்தருக்குப் பகுதிநேர வேலை குடுத்தா நாலு மார்க், முழுநேர வேலை குடுத்தாப் பத்து. ஆதாரம் இணைக்கணும். எங்களுக்கு நாலுதான் வந்துச்சு. ஏன்னா ராஜாமணி அக்காவுக்கு மெஸ்சுல வேலை இருக்குது, எங்ககிட்ட மூணு மணி நேரம்தானே. துணிப்பை டீமு என்ன பண்ணியிருந்தாங்க தெரியுங்களா? ஒரு தையல்காரம்மாவை முழுநேரம்னு காட்டிப் பத்து வாங்கிட்டாங்க. அந்தம்மா அந்த டீமு புள்ளையோட சொந்த அத்தை. ஊட்டுல எப்பவும் தைக்கறவங்க. அதைப் போயி வேலை குடுத்தோம்னு எழுதியிருக்காங்க. எவ்வளவு பெரிய ஏமாத்து வேலை பாருங்க.

ஆறு மார்க்குங்கக்கா. ஆறு மார்க்குல பெங்களூர் போயிரும். நான் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலை. அப்புறம்தான் யோசனை வந்துச்சு. நாங்க அத்தை சித்தின்னு பொய்க்கணக்குக் காட்ட வேண்டாம், நெசமாவே முழுநேரமா ஆக்கிட்டாப் போச்சு. அக்கா மெஸ்சை விட்டுட்டா, எங்ககிட்ட முழுநேரம். நேர்மையாப் பத்து மார்க்.

கனிஷ்காதான் இழுத்தா. 'அப்ப தொண்ணூறு நாள்தான்னு அக்காகிட்டச் சொல்லிடலாம்டி'ன்னா. நான் கேட்டேன், சொன்னா அவங்க மெஸ்சை விடுவாங்களாடீன்னு. கடைசியில சொல்லிக்கலாம், அதுக்குள்ள ஏதாவது வழி பொறக்கும்னு நான் சொன்னேன். அவளும் தலையாட்டினா. இப்ப மட்டும் பெரிய யோக்கியம் மாதிரி என்கூடப் பேசறதில்ல.

அக்காகிட்ட நான்தான் போனேன். அவங்க அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. 'ஏனுங்கக்கா, இன்னொருத்தங்க அடுப்புல எத்தனை வருசம் நிப்பீங்க? பாக்கெட்டுல யாரு படம் இருக்குது? உங்க படம். அப்ப கம்பெனி யாரோடது?'ன்னேன். அவங்க கையைத் தண்ணியிலருந்து எடுக்காம என்னையே பாத்தாங்க. 'நெலைச்சு நிக்குமா கண்ணு?'ன்னாங்க. நான் சொன்னேன், 'உங்க கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையாக்கா?'

பாருங்க, நான் பொய் சொல்லலை. நெலைச்சு நிக்கும்னு சொன்னனா? சொல்லலையே. எங்க வேணாலும் வந்து சொல்லுவேன், அந்த வார்த்தை என் வாயில வரலை.

ரெண்டு நாள் கழிச்சு சரின்னாங்க. ஆனா மெஸ்சை நடத்தற காண்ட்ராக்டரு எழுதிக் குடுக்கச் சொல்றாரு, எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது கண்ணுன்னாங்க. நானே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தா இருக்குங்க, ஸ்கூல்ல பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். 'சொந்தத் தொழில் தொடங்க இருப்பதால் என் சுய விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்'னு எழுதி, எந்த எடத்துல பேரு போடணும்னு காட்டினேன். ராஜாமணின்னு போட்டாங்க. ணியோட சுழியை மட்டும் பெருசா இழுப்பாங்க. காண்ட்ராக்டரும் கையெழுத்துப் போட்டாரு. அதை ஜெராக்ஸ் எடுத்து ஃபைல்ல இணைச்சேன். பத்து மார்க்.

அந்த அம்பது நாளும் அக்கா எப்படி இருந்தாங்கன்னு நீங்க பாத்திருக்கணும். காலையில எட்டு மணிக்கெல்லாம் டிபார்ட்மெண்டுக்குப் பின்னாடி எங்களுக்குக் குடுத்த ரூமுக்கு வந்துருவாங்க. மெஸ்சுல கட்டற பழைய சேலை இல்ல, நல்ல சேலை. எங்களை ஏவ ஆரம்பிச்சாங்க. 'கொள்ளு செவக்கறதுக்கு முன்னாடி எறக்காதே, பச்சை வாசம் அடிக்கும்.' 'பூண்டைத் தோலோட தட்டிப் போடு.' அந்தப் பொடியில ஒரு சங்கதி உண்டுங்க, கடைசியில அவங்க சேக்கறது ஒண்ணு. யாருக்கும் சொன்னதில்லையாம். எனக்குச் சொன்னாங்க. 'நீ என் பங்காளி, உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்'னாங்க. நான் அதைத் தயாரிப்பு முறையில அளவோட எழுதி வெச்சேன். அஞ்சுக்கு அஞ்சு.

இப்ப மெஸ்சுல வந்திருக்கற புது ஆளு அதைப் பாத்துத்தான் செய்யறாங்களாம். காண்ட்ராக்டரு எங்க ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்திருக்காரு. நானும் போன புதன்கெழமை சாப்பிட்டேன். அதே ருசிதாங்க. கொஞ்சம் உப்பு தூக்கல், அவ்வளவுதான்.

இன்னொண்ணு எடுத்துக்கட்டுங்களா? நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கேன். நீங்க எங்க வேலைக்குப் போறீங்க? பள்ளிக்கூடத்துச் சத்துணவுலயா? எத்தனை வருசமா? பதினாலா! அப்ப உங்களுக்குச் சமையல்காரங்க மனசு தெரியும். நீங்களே சொல்லுங்க, நடந்தது நியாயமான்னு.

தொண்ணூறாவது நாள். செமினார் ஹாலு. வெளியிலருந்து ரெண்டு நடுவரு, ஒருத்தரு கோயமுத்தூர்லருந்து வந்த ஒரு மேடம். அக்காவையும் மேடையில உக்கார வெச்சோம். அது என் யோசனைதான். நான் இங்கிலீஷ்ல பேசினேங்கக்கா, ஹாலே அசையலை. பதினோரு வருசம் கூலிக்குச் சமைச்ச ஒரு பெண்ணை நாங்க முதலாளி ஆக்கினோம்னு சொன்னப்ப நடுவர் மேடம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. பின்னாடி திரையில அக்கா மொகம் இம்மாம் பெருசா. அக்காவுக்கு நான் பேசினது ஒண்ணும் புரியலை, ஆனா திரும்பித் திரும்பிப் படத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. மொத பரிசு என் மடியில வந்து உக்காந்த மாதிரிதான் இருந்துச்சு. அப்பாவுக்கு எப்படிப் போன் பண்ணணும்னு கூட மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டேன்.

கேள்வி நேரம் வந்துச்சு. என்ன கேட்டாலும் சொல்ற மாதிரி நான் தயாரா இருந்தேன். எத்தனை மாசம் கெடாது, போட்டிக் கம்பெனி வந்தா என்ன பண்ணுவ, எல்லாத்துக்கும். அந்த மேடம் என்னை விட்டுட்டாங்க. மைக்கை அக்கா கையில குடுக்கச் சொல்லி, தமிழ்ல கேட்டாங்க. 'சந்தோசமா இருக்கீங்களாம்மா?'

அக்கா எந்திரிச்சு நின்னாங்க. 'சந்தோசம்தாங்க. கார்த்திகைக்கு நம்ம டிரைவரு தம்பிக நூறு பாக்கெட் கேட்டிருக்காங்க. கொள்ளு நாளைக்குச் சந்தையில வாங்கணும். எள்ளுப் பொடியும் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். எம் பொண்ணு பரிச்சை முடிஞ்சா அவளும் ஒத்தாசைக்கு வருவா'ன்னாங்க.

அப்ப குணசீலன் சார் சிரிச்சாரு. அவரு மேல தப்பில்லீங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானேன்னு சிரிச்சாரு. 'இல்லம்மா, கம்பெனி இன்னைக்கோட முடியுது. இதோ இப்ப ஸ்டாம்பை ஒப்படைக்கப் போறாங்க. இது பாடத்துக்காகப் பண்ணினது, உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே'ன்னாரு.

அக்கா அவரைப் பாக்கலை. என்னைப் பாத்தாங்க. மைக்கு வாய்கிட்டயே இருக்குது.

'அப்ப நாளைக்கு நான் எங்க வரட்டும் கண்ணு?'

அவ்வளவுதான் கேட்டாங்க. கோவமா இல்ல, அழுதுக்கிட்டு இல்ல. தெனமும் கேக்கற மாதிரி. மைக்குல கேட்டாங்கக்கா, மைக்குல! அந்த ஹாலு மூலை முடுக்கெல்லாம் கேட்டுச்சு. அதை வெளியில வந்து கேட்டிருக்கலாம்ல? என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? நான் என்ன ஓடியா போயிருவேன்?

'அதை அப்புறம் பேசிக்கலாங்கக்கா'ன்னு சொன்னேன். அந்த மேடம் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, தாள்ல என்னமோ அடிச்சு எழுதினாங்க. ரெண்டாவது பரிசு. மொத பரிசு துணிப்பைக்கு. அத்தையை வேலைக்காரியாக் காட்டினவங்க பெங்களூர் போறாங்க. நெசமா ஒருத்தங்களை முழுநேரம் ஆக்கின நான் இந்தப் பஸ்சுல போறேன்.

கோப்பை வாங்கறப்ப போட்டோ எடுத்தாங்க. அக்காவைக் கூப்பிட்டா வரலை. அந்த மேடைக்குப் பின்னாடி போயி, மீதி இருந்த பாக்கெட்டை எல்லாம் எண்ணாமக் கூடையில அடுக்கி வெச்சுட்டு, நடந்து போயிட்டாங்க. ஒண்ணு கூட எடுத்துக்கலை.

இதோட முடிஞ்சுதான்னா, இல்லீங்க. கம்பெனி மூடற ரிப்போர்ட்டுல வேலை செஞ்சவங்க கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். 'எனக்கு எந்தக் குறையும் இல்லை'ன்னு. அது இல்லாட்டி ரெண்டாவது பரிசும் இல்ல, மார்க்கும் இல்ல. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் அவங்க ஊட்டுக்குப் போனேன். நானேதான் போனேன், கனிஷ்கா வரலைன்னுட்டா. அக்கா மறுபடி மெஸ்சுக்குப் போயிக் கேட்டிருக்காங்க. காண்ட்ராக்டரு அந்த லெட்டரை எடுத்துக் காட்டி, 'நீதானம்மா சுய விருப்பம்னு எழுதிக் குடுத்தே, ஆள் போட்டாச்சு'ன்னுட்டாராம். இப்பக் கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கப் போறாங்க. அதுவும் வேலைதானுங்களே? அப்புறம் எப்படி நான் வேலையைக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் பேசுவாங்க?

வாசல்ல நிக்க வெச்சுப் பேசலைங்க, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. நான் தாளை நீட்டினேன். பேனாவை வாங்கிக்கிட்டு, 'இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படி கண்ணு. போன தடவை கேக்காமப் போட்டுட்டேன்'னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. என்னை நம்பலை. அவங்க பங்காளியை நம்பலை. படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, 'எல்லாம் சரி. கீழ ஒரு வரி சேத்துக்கோ. நாளைக்கு எங்க வரதுன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரலைன்னு எழுது. எழுதினா நான் கையெழுத்துப் போடறேன்'னாங்க.

அதை எப்படிங்கக்கா எழுத முடியும்? அதை எழுதினா அது குறைதானே? குறை இல்லைன்னு சொல்ற தாள்ல குறையை எப்படி எழுதறது? எடுத்துச் சொன்னேன். காது குடுக்கலை. அந்தப் பொண்ணு வேற அடுப்பங்கரைக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சொவுத்துல அந்த மொத பாக்கெட்டு, ஆணியில மாட்டியிருந்துச்சு. காலிப் பாக்கெட்டு.

கடைசியில நானே போட்டேன். என்ன பண்றது? ணியோட சுழியைப் பெருசா இழுத்து விட்டா முடிஞ்சுது. யாருக்கு என்ன நட்டம்? ஸ்டாம்பையும் ஒப்படைச்சுட்டேன். பீரோவுல கடைசி வரிசையில இருக்குது.

ஆனா ஒண்ணு சொல்றேங்கக்கா. உங்ககிட்டத்தான் சொல்றேன். அந்தக் கேள்வி என்னை விட மாட்டேங்குது. பல்லு வெளக்கறப்ப கேக்குது, பரிச்சை எழுதறப்ப கேக்குது. 'நாளைக்கு நான் எங்க வரட்டும் கண்ணு?' தப்புப் பண்ணினவங்களுக்குத்தானே அப்படிக் கேக்கணும்? எனக்கு எதுக்குக் கேக்கணும்? என் கதை மட்டும் என்ன வாழுது? வர ஞாயித்துக்கெழமை என்னைப் பொண்ணு பாக்க வராங்க. நாளைக்கு நான் எங்க போறதுன்னு நான் யாரைப் போயிக் கேக்கறது? எனக்கு யாராவது மைக்குக் குடுத்தாங்களா?

சரி விடுங்க. நான் அழுதா உங்களுக்கும் சங்கடம். பாருங்க, உங்க முறுக்கு டப்பாவுல பாதியை நானே காலி பண்ணிட்டேன். நெசமாலுமே இந்த மாதிரி நான் தின்னதில்லைங்க. வாயில வெச்சாப் பொரபொரன்னு ஒதிருது, ஆனா கையில எடுத்தா ஒடையலை. கடையில இது கெடையாது. யாராவது உங்ககிட்ட இதைச் சொல்லியிருக்காங்களா?

இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா, மார்ச்சு மாசம் இன்னொரு போட்டி இருக்குதுங்க. மாவட்ட அளவுல. அதுல ஜெயிச்சாலும் பெங்களூருதான். அப்பா காலுல விழுந்து எப்படியாவது மார்ச்சு வரைக்கும் தள்ளிப் போட்டுருவேன். புது சாமான், புது ஆளா இருக்கணும்னு ரூலு. நான் இந்தப் பஸ்சுல ஏறறப்ப என்ன நெனச்சேன்னா, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீங்க டப்பாவைத் தொறந்தீங்க பாருங்க. இதெல்லாம் சும்மா நடக்காதுங்கக்கா.

சிரிக்காதீங்க, நான் வெளையாட்டுக்குச் சொல்லலை. உங்க படத்தைப் போட்டு ஒரு பாக்கெட். ஓரத்துல ராகிக் கதிரு. எனக்கு இப்பவே கண்ணு முன்னாடி தெரியுது. நீங்க எத்தனை வருசத்துக்குப் பள்ளிக்கூடத்து அடுப்புல வெந்துக்கிட்டு இருப்பீங்க? பதினாலு வருசத்துல யாராவது உங்க பேரைச் சொல்லியிருக்காங்களா? நீங்க முழுநேரமா வந்துருங்க. முழுநேரமா வரணும், அது முக்கியம். அங்க அதுக்கு இருபது மார்க்கு.

எழுதிக் குடுக்கணுமேன்னு பயப்படாதீங்க. லெட்டரை நானே எழுதித் தரேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.

ஏனுங்கக்கா, டப்பாவை மூடறீங்க? எந்திரிக்கறீங்க? இது வையப்பமலைங்க. உங்க ஸ்டாப்புக்கு இன்னும் நெம்பத் தூரம் இருக்குது. ஆண்டகளூர் கேட்டுன்னுதானே சொன்னீங்க? கண்டக்டரு அதுக்குத்தானே டிக்கெட் குடுத்தாரு? அக்கா. நில்லுங்கக்கா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?

சரி, எறங்கறதுன்னா எறங்குங்க. அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்த முறுக்குல நீங்க ஓமமா போட்டீங்க, கருஞ்சீரகமா?